ஆஸ்லோவில் ஒரு செமஸ்டர்: வாசகர் கேள்விகள், பதில்கள்

என் மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எக்ஸ்சேஞ்ச் திட்டத்தில் ஆகஸ்டில் ஆஸ்லோ போகிறாள். கட்டணம் கிடையாது என்கிறார்கள். ஆனால் செலவுக்குப் பணம் காட்ட வேண்டுமாம். என் பெயரில் எஃப்.டி. இருக்கிறது, போதுமா?
– ஒரு தந்தை, பெரம்பூர்

போதாது. பணம் உங்கள் மகள் பெயரில் இருக்க வேண்டும். நார்வேயின் குடியேற்றத் துறையான யூ.டி.ஐ. அப்பாவின் எஃப்.டி.யையோ, 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற கடிதத்தையோ கணக்கில் எடுத்துக்கொள்ளாது. விண்ணப்பம் தாமதமாவதற்கும் நிராகரிக்கப்படுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

கல்விக் கட்டணம் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2023 முதல் நார்வேயின் அரசுப் பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்குகின்றன. இரண்டு கல்லூரிகளுக்கிடையே ஒப்பந்தம் போட்டு அனுப்பப்படும் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கு அது இல்லை. செமஸ்டர் கட்டணம் என்று சில நூறு குரோனர் (நார்வே நாணயம்) மட்டும் வரும்.

காட்ட வேண்டிய தொகையை யூ.டி.ஐ. ஆண்டுதோறும் மாற்றுகிறது. 2024-25 கல்வியாண்டுக்கு அது மாதம் 15,169 குரோனராக இருந்தது. ஐந்து மாதத்துக்கு 75,845. ஒரு குரோனரை 8 ரூபாய் என்று வைத்தாலே ஆறு லட்சத்தைத் தாண்டுகிறது. விண்ணப்பிக்கும் நாளில் யூ.டி.ஐ. தளத்தில் இருக்கும் தொகையே செல்லும். சீனியர் மாணவர் சொன்ன தொகையை நம்பாதீர்கள்.

பல பல்கலைக்கழகங்கள் தங்களுடைய டெபாசிட் கணக்கில் இந்தப் பணத்தைப் பெற்றுக்கொண்டு, மாணவர் வந்து சேர்ந்த பிறகு திருப்பித் தருகின்றன. மகளுக்கு அந்த வசதி இருந்தால் அதுவே நல்லது. ஆனால் பணம் கைக்கு வரச் சில வாரங்கள் பிடிக்கும். அதனால் முதல் மாத வாடகை, சாப்பாடு, பயண அட்டை ஆகியவற்றுக்குத் தனியாகப் பணம் வைத்திருங்கள். ஆறு லட்சம் அனுப்பிவிட்டு முதல் வாரமே கையில் காசில்லாமல் தவிப்பது இங்கேதான் நடக்கிறது.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் ஏ2 படிவம் நிரப்பும்போது கல்விக்கான நோக்கக் குறியீட்டையே போடச் சொல்லுங்கள். 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் ரூபாய் வரை டி.சி.எஸ். எனும் முன்கூட்டிய வரிப் பிடித்தம் இல்லை.

யூரோவில் ஃபாரெக்ஸ் கார்டு எடுத்துக்கொள்ளலாமா?
– மாணவர், அண்ணா நகர்

நார்வே ஷெங்கன் விசாப் பகுதியில் உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. நாணயம் குரோனர். யூரோ ஏற்றிய கார்டைத் தேய்த்தால் ஒவ்வொரு முறையும் நாணய மாற்றுக் கட்டணம் போகும். கார்டில் குரோனரையே ஏற்ற முடியுமா என்று வங்கியில் முதலில் கேளுங்கள். முடியாதென்றால் வேறு கார்டு பாருங்கள். ரொக்கத்துக்கு அங்கே அநேகமாக வேலையே இல்லை. இரண்டு கார்டு வைத்துக்கொண்டு அவற்றை வெவ்வேறு இடத்தில் வையுங்கள்.

அங்குள்ளவர்கள் எல்லாவற்றுக்கும் 'விப்ஸ்' என்ற ஆப்பில் பணம் அனுப்புவார்கள். அதற்கு நார்வே வங்கிக் கணக்கும் அடையாள எண்ணும் தேவை. ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்குபவருக்குக் கிடைப்பது டி-எண் எனும் தற்காலிக எண். அதை வைத்துக் கணக்கு தொடங்கி முடிப்பதற்குள் செமஸ்டரில் பாதி ஓடிவிடும். ஒரே செமஸ்டர் என்றால் அதற்காக மெனக்கெட வேண்டாம்.

மகன் சுத்த சைவம். ஓட்டலில் சாப்பிட்டால் கட்டுப்படியாகாது என்கிறார்கள். இங்கிருந்து என்னென்ன கொடுத்தனுப்பலாம்?
– ஒரு அம்மா, மயிலாப்பூர்

சாதாரண உணவகத்தில் ஒரு வேளைச் சாப்பாடு 200 குரோனரைத் தாண்டும். காரணம் சம்பளச் செலவு. அதோடு உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் 25 சதவீத வரி, கடையில் வாங்கும் உணவுப் பொருளுக்கு 15 சதவீதம். எனவே உங்கள் மகன் சமைத்தே ஆக வேண்டும். புறப்படுவதற்கு முன் ஒரு மாதமாவது அவரையே சாம்பார், ரசம், ஒரு பொரியல் செய்ய விடுங்கள். எந்தப் பொடியைக் கொடுத்தனுப்பினாலும் அதைவிட இதுதான் கைகொடுக்கும்.

எதைக் கொடுக்கக் கூடாது என்று முதலில் சொல்லிவிடுகிறோம். நெய், பால்கோவா, பால் கலந்த இனிப்பு எதுவும் வேண்டாம். இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களைப் பயணிகள் நார்வேக்குள் கொண்டுபோகத் தடை உண்டு. பச்சைக் கறிவேப்பிலையையும் தவிர்த்துவிடுங்கள். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி, கட்டிப் பெருங்காயம், காய்ந்த மிளகாய், புளி இவை போதும். அரிசியைச் சுமக்க வேண்டாம், அங்கேயே கிடைக்கும்.

குக்கரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மாணவர் விடுதிகளில் இருப்பது மின் அடுப்பு. இண்டக்‌ஷனாக இருந்தால் வெறும் அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. காந்தம் ஒட்டுகிற அடி உள்ள மூன்று லிட்டர் ஸ்டீல் குக்கராக வாங்குங்கள். கடையிலேயே ஒரு காந்தத்தை அடியில் வைத்துப் பார்க்கலாம். பிளக் விஷயமும் அப்படித்தான். மின்னழுத்தம் நம்மைப் போல 230 வோல்ட், ஆனால் நம் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது. எர்த் இணைப்புள்ள அடாப்டர் ஒன்றும், இங்கிருந்தே ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியும் கொடுத்தால் வேலை முடிந்தது.

தாளிப்பதைக் குறைந்த சூட்டில் செய்யச் சொல்லுங்கள். எண்ணெய் புகைய மிளகாயைப் போட்டால் புகை அலாரம் அடிக்கும், கட்டடமே வெளியே வந்து நிற்கும். கதவைச் சாத்தி, புகைபோக்கி விசிறியைப் போட்ட பிறகே கடுகு. புகை வெளியே போகட்டும் என்று சமையலறைக் கதவைத் திறந்து வைத்தால் நடைபாதை அலாரமும் சேர்ந்துகொள்ளும்.

அன்றாடச் சாமானுக்குக் கிவி, ரேமா 1000, எக்ஸ்ட்ரா ஆகிய சூப்பர் மார்க்கெட்டுகள் மலிவு. கிவியில் 'ஃபர்ஸ்ட் பிரைஸ்' என்று எழுதிய பொருளைப் பாருங்கள். பருப்பு, கொத்தமல்லி, வெண்டை, பச்சை மிளகாய் வாங்கக் குரோன்லாண்ட் பகுதிக்குப் போக வேண்டும். சூப்பர் மார்க்கெட்டைவிட அங்கே காய்கறி மலிவு. ஆஸ்லோ ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் நகரம். அங்கே அம்மெருத் பகுதியில் முருகன் கோயிலும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். குடிக்கக் குழாய்த் தண்ணீரே போதும். பாட்டில் வாங்கினால் காலியானதைக் கடை இயந்திரத்தில் போட்டுச் சில குரோனரைத் திரும்பப் பெறலாம்.

போய் இறங்கியதும் முதலில் என்ன செய்வது?
– மாணவி, தாம்பரம்

கார்டெர்முன் விமான நிலையத்திலிருந்து நகருக்கு 'ஃப்ளைடூகெட்' என்ற விரைவு ரயிலின் விளம்பரமே கண்ணில் படும். அதே தண்டவாளத்தில் 'வீ' நிறுவனத்தின் சாதாரண ரயிலும் போகிறது. சில நிமிடம்தான் வித்தியாசம். கட்டணம் ஏறக்குறைய பாதி.

ஏழு நாளுக்குள் போலீஸிடம் பதிவு செய்து குடியிருப்பு அட்டைக்குக் கைரேகை கொடுக்க வேண்டும். ஆகஸ்டில் கூட்டம் நெரியும். அதனால் குடியிருப்பு அனுமதி கிடைத்த அன்றே, சென்னையில் இருந்தபடியே நேரம் பதிவு செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் இந்தியர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். அழைப்பு வந்தால் பயப்பட வேண்டாம்.

பாடத்தையும் தேர்வையும் 'ஸ்டூடண்ட்வெப்' தளத்தில் பதிவு செய்வதும், செமஸ்டர் கட்டணம் கட்டுவதும் கெடுவுக்குள் முடிய வேண்டும். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இலையுதிர் பருவத்துக்குச் செப்டம்பர் 1 கடைசி நாள். தவறினால் தேர்வு எழுத முடியாது.

மெட்ரோவில் நுழைவுத் தடுப்பு கிடையாது, நேராக ஏறலாம். அதை நம்பி டிக்கெட் இல்லாமல் ஏறிப் பிடிபட்டால் ஆயிரம் குரோனருக்கு மேல் அபராதம். 30 நாள் மாணவர் டிக்கெட் எடுங்கள். நகரம் முழுவதும் மண்டலம் 1தான். அதற்கு மேல் வாங்காதீர்கள்.

பகுதி நேர வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்க முடியுமா?
– மாணவர், வேளச்சேரி

சட்டப்படி வாரம் 20 மணி நேரம் வரை பார்க்கலாம். அதை நம்பி வரவு செலவு போடாதீர்கள். கடை, உணவக வேலைக்குப் பெரும்பாலும் நார்வே மொழி கேட்பார்கள். வேலை கிடைத்தாலும் வரி அட்டை வாங்கும் வரை சம்பளத்தில் 50 சதவீதம் பிடிப்பார்கள்.

குளிருக்கு தி.நகரில் ஜெர்கின் வாங்கிவிடலாமா? உடம்புக்கு ஏதாவது வந்தால்?
– ஒரு பெற்றோர், குரோம்பேட்டை

கனமான ஒரே ஜெர்கினைவிட அடுக்கு முக்கியம். உடம்பை ஒட்டிக் கம்பளி உள்ளாடை, நடுவில் ஸ்வெட்டர், வெளியே காற்றும் தண்ணீரும் புகாத கோட்டு. பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு குளிரை ஏற்றும். ஆகஸ்டில் கடுங்குளிர் இருக்காது. கோட்டையும் பூட்ஸையும் ஃப்ரெடெக்ஸ் கடையிலோ ஃபின் தளத்திலோ பழையதாக வாங்குங்கள். தரையில் பனி உறைந்த பிறகு பூட்ஸின் அடியில் மாட்டும் முள்பட்டை அவசியம். டிசம்பரில் மாலை மூன்றேகால் மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், கோட்டில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை தொங்கட்டும்.

தங்கும் காலம் முழுவதற்கும் மருத்துவக் காப்பீடு எடுங்கள். பல் வைத்தியம் அங்கே மிகச் செலவு; சொத்தைப் பல் இருந்தால் இங்கேயே அடைத்துவிட்டுப் போகட்டும். மூக்குக்கண்ணாடி இன்னொன்று, மருத்துவர் சீட்டு ஆங்கிலத்தில். உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் காத்திருக்க முடியாத நோய்க்கு 116117, ஆம்புலன்ஸுக்கு 113. இரண்டையும் போனில் பதிந்து கொடுங்கள்.