பிரெஞ்சுப் புத்தகம் வாங்குவோருக்கு: கேள்வி-பதில்

கேள்வி: ஒரு புதிய நாவலுக்குப் பல கடைகளில் விலை கேட்டேன். எல்லாரும் ஒரே விலை சொல்கிறார்கள். கூட்டுச் சேர்ந்து ஏமாற்றுகிறார்களா? (பாரிஸ் வாசகர்)

பதில்: இல்லை. 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரான்சில் புத்தக விலையைப் பதிப்பாளரே நிர்ணயிக்கிறார். புதிய நூலுக்குக் கடைக்காரர் 5 விழுக்காட்டுக்கு மேல் தள்ளுபடி தர முடியாது. விலை குறைய வேண்டுமென்றால், சிறிய அளவில் மலிவாக வரும் பாக்கெட் பதிப்பு வரும்வரை பொறுத்திருங்கள், அல்லது பழைய புத்தகக் கடைக்குப் போங்கள்.

கேள்வி: 8 யூரோ புத்தகத்துக்கு 3 யூரோ அஞ்சல் செலவு பிடித்துவிட்டார்கள். (லியோன் வாசகர்)

பதில்: மொத்தம் 35 யூரோவுக்குக் குறைவாகப் புதிய புத்தகங்கள் வாங்கினால், அவற்றை வீட்டுக்கு அனுப்பக் குறைந்தது 3 யூரோ வசூலிக்க வேண்டும் என்பது 2023 அக்டோபர் முதல் நடப்பிலுள்ள விதி. பணம் கட்டும் பக்கத்தில் காட்டும் தொகையைப் படிக்காமல் பொத்தானை அழுத்துபவருக்கு நான் என்ன சொல்வது?

கேள்வி: அச்சில் 20 யூரோ விற்கும் நாவலை மின்னூலாக 14.99 யூரோவுக்கு வாங்கினேன். என் வாசிப்புக் கருவியில் திறக்கவில்லை. பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். (துலூஸ் வாசகி)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. பதிவிறக்கத்துக்குச் சம்மதம் தந்த பிறகு 14 நாளுக்குள் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை மின்னூலுக்குக் கிடையாது என்பார்கள், அது உண்மை. ஆனால் எந்தக் கருவியில் திறக்கும், நகலெடுப்பதையும் வேறு கருவியில் திறப்பதையும் தடுக்கும் என்ன பூட்டு இருக்கிறது என்பதை விற்பதற்கு முன்பே தெரிவிப்பது விற்பவரின் கடமை. அந்தத் தகவல் இல்லையென்றால், விற்பனைப் பக்கத்தின் படத்தை இணைத்து எழுத்தில் முறையிடுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் சமரசரிடம் செல்லுங்கள், கட்டணம் கிடையாது.

இதில் எனக்கு நெடுநாள் மனக்குறை உண்டு. 2011ஆம் ஆண்டுச் சட்டம் மின்னூல் விலையையும் பதிப்பாளர் கையில் கொடுத்தது. ஆகவே கடை மாறினாலும் விலை மாறாது. அச்சு விலையில் முக்கால் பங்கு கொடுத்தும், படித்து முடித்ததைத் தோழிக்குத் தர வழியில்லை. பதிப்புரிமையாளரின் அனுமதியின்றி மின்னூலை மறுவிற்பனை செய்ய முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்துவிட்டது. நான் மின்னூல்கள் வாங்கிய ஓர் இணையக் கடை மூடப்பட்டபின், புதிய கருவியில் அவற்றின் பூட்டு திறக்கவேயில்லை. அலமாரியில் இருக்கும் பாக்கெட் பதிப்புகளை எவராலும் பூட்ட முடியாது. எனவே பூட்டு இல்லாத, அல்லது வாங்கியவர் யார் என்று காட்டும் அடையாளக் குறி மட்டுமுள்ள ஈபப் (EPUB) என்னும் மின்னூல் கோப்பையே தேடி வாங்குங்கள்.

கேள்வி: அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. ஒலிநூல்களின் விலை கட்டுப்படியாகவில்லை. (நான்த் வாசகர்)

பதில்: வாங்க வேண்டாம். மருத்துவச் சான்று இருந்தால் பார்வையற்றோருக்கு உதவும் வாலந்தேன் அயுயி சங்கத்தின் 'எயோல்' இணைய நூலகத்தில் ஒலிநூல்களை இலவசமாகக் கேட்கலாம். இன்றே பதிவு செய்யுங்கள்.