பஸ்ஸை விட்டுப் பிரிந்த பதுளை

‘அ பஸ் கேம் தட் கோஸ் டு பதுளை’ என்று ஒரு பாடப்பகுதியில் இருக்கிறது. ‘தட்’ ஏன் பஸ்ஸை விட்டு இவ்வளவு தள்ளி நிற்கிறது? பிழையா? (உயர்தர மாணவி, ஹட்டன்)

பிழையில்லை. ‘பதுளைக்குப் போகிற’ என்பது தமிழில் பெயருக்கு முன்னால் நிற்கும், அங்கிருந்து அசையாது. ஆங்கிலத்திலோ அது பெயருக்குப் பின்னால் தொங்கும் வால். வால் நீளமாகவும் ‘கேம்’ என்ற வினை குட்டையாகவும் இருந்தால், வினையை முதலில் சொல்லிவிட்டு வாலைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் (செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளில்) ஒன்றான கொண்டுகூட்டு, அதாவது தள்ளித் தள்ளி நிற்கும் சொற்களை ஏற்ற இடத்தில் சேர்த்துப் பொருள் கொள்வது, படித்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் அது செய்யுளுக்கு உரியது. இது அன்றாடப் பேச்சிலேயே நடக்கிறது.

நடுவே இன்னொரு பெயர் புகுந்தால்தான் ஆபத்து. ‘அ பஸ் பாஸ்ட் அ லொறி தட் கோஸ் டு பதுளை’ என்றால் பதுளைக்குப் போவது லொறி. தமிழில் வேற்றுமை உருபு சொல்லுக்குக் காவல் இருக்கிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் இடம்தான் காவல்.

மாணவர் ஒருவர் ‘வீ சா அ லெப்பர்ட் கோயிங் டு ஸ்கூல்’ என்று எழுதினார். வகுப்பே சிரித்தது, எனக்கு விளக்கத் தெரியவில்லை. (ஆசிரியர், மஸ்கெலியா)

புத்தகப்பை மாட்டிய சிறுத்தை! தேயிலை மலையில் சிறுத்தையைக் காண்பது நடக்கக்கூடியது என்பதால் சிரிப்பு இன்னும் கூடியிருக்கும். ‘கோயிங்’ பக்கத்தில் கிடைத்த பெயரைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். ‘ஆன் அவர் வே டு ஸ்கூல், வீ சா அ லெப்பர்ட்’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘எங்கள்’ என்று பொருள்படும் அந்த ‘அவர்’ வந்ததும் போகிறவர் யார் என்ற சந்தேகம் தீர்ந்துவிடும். பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். நாளிதழ்களிலேயே இதைவிட மோசமானவற்றைக் கண்டிருக்கிறேன்.

‘பிக் அப் இட்’ ஏன் தவறு? (பண்டாரவளை)

கூடையைப் பெயர் சொல்லிக் குறித்தால் ‘பிக் அப் த பாஸ்கெட்’, ‘பிக் த பாஸ்கெட் அப்’ இரண்டும் சரி. ‘இட்’ என்றால் நடுவில்தான் வர வேண்டும்: ‘பிக் இட் அப்’. ‘கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் நீ விட்டுவந்த கூடை’ என்று நீண்டுவிட்டாலோ ‘பிக் அப்’பைப் பிரிக்காதீர்கள், அந்த ‘அப்’ வந்து சேர்வதற்குள் கேட்பவருக்கு வினையே மறந்துவிடும்.

வாக்கியத்தை ‘ஃப்ரம்’ என்று முடிக்கக் கூடாதாமே? (தலவாக்கலை)

1672இல் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர் அதைக் குறையாகச் சொன்னார். பள்ளிக்கூடங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. தாராளமாக முடியுங்கள். ‘விச் எஸ்டேட் ஆர் யூ ஃப்ரம்?’ என்பதுதான் இயல்பு. ‘ஃப்ரம் விச் எஸ்டேட்’ என்று தொடங்கினால் விசாரணைக்கு அழைத்ததுபோல் இருக்கும்.