கூடுதலாகக் கொடுப்பவர் நான்தானா? தக்கலை வாசகிக்குப் பதில்

கேள்வி: காதலித்து மணந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நான் நாகர்கோவிலில் செவிலியர். கணவர் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறார். வீட்டுக்கு நானே அதிகம் செய்கிறேன் என்று மனம் ஓயாமல் கணக்குப் போடுகிறது. அக்கா வீட்டுக்காரர் வளைகுடாவிலிருந்து அனுப்புவதைப் பார்த்தால் ஏக்கமாகவும் இருக்கிறது. அன்பு வற்றிவிட்டதா? பிரிந்துவிடலாமா?

பதில்: கணக்குப் போடுவதாலேயே அன்பு வற்றிவிட்டது என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் திருப்தி, நியாயம், நீடிப்பு என்ற மூன்று தனித்தனி விஷயங்களை நீங்கள் ஒரே கேள்வியாக்கியிருக்கிறீர்கள்.

உறவில் கிடைக்கும் நன்மையையும் அதற்காகும் செலவையும் கழித்துப் பார்ப்பதோடு மனிதர் நிற்பதில்லை, தமக்கு இவ்வளவாவது கிடைக்க வேண்டும் என்று மனத்தில் வைத்திருக்கும் அளவோடும் அதை ஒப்பிடுகிறார்கள் என்று ஜான் திபோ, ஹரோல்ட் கெல்லி ஆகிய உளவியலாளர்கள் 1959-இல் விளக்கினர். உங்கள் அளவு அக்கா வீட்டிலிருந்து வந்திருக்கக்கூடும். கணவர் அருகில் இல்லாததற்கு அக்கா கொடுக்கும் விலை அந்தக் கணக்கில் ஏறியிருக்காது.

நியாயம் பற்றிய உங்கள் குறையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. குறைவாகப் பெறுகிறோம் என்று உணர்பவருக்குக் கோபமும், அதிகமாகப் பெறுபவருக்குக் குற்றவுணர்வும் எழும் என்பது எலைன் வால்ஸ்டர் முதலியோர் வளர்த்த சமநீதிக் கொள்கை. எனினும், 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரி சிகோலி இருவரும் தம்பதியரிடம் வீட்டுப் பொறுப்பில் அவரவர் பங்கைக் கேட்டபோது, இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் முழுமைக்கும் மேலே போயிற்று. தான் செய்தது எளிதில் நினைவுக்கு வருவது இதற்கு முக்கியக் காரணம். விடியுமுன் தலைவிளக்கோடு மரம் மரமாக வெட்டி, பால் எடுத்து, உறைய ஊற்றி, ஷீட் அடித்து வருபவர் நண்பகலில் உறங்குவது மட்டுமே உங்கள் கண்ணில் படுகிறது. இரவுப் பணி முடித்து வந்து நீங்கள் உலை வைப்பது அவர் கண்ணில் படாமலே போகிறது.

ஆகவே, ஒரு வாரம் இருவரும் தனித்தனித் தாளில் மற்றவர் செய்தவற்றை மட்டும் எழுதுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து வாசித்து, விடுபட்ட வேலைகளைச் சொல்லி, ஒன்றிரண்டை நிரந்தரமாக அவர் பொறுப்பாக்குங்கள். ‘உதவி’ என்ற பெயரில் வேண்டாம். எல்லாவற்றையும் சரிபாதியாக்க முயல்வதை நான் பரிந்துரைப்பதில்லை. நெருக்கத்தை விரும்பும் இடத்தில் உடனுக்குடன் ஈடு செய்வது பிரியத்தைக் குறைக்கும் என்று மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் செய்த சோதனைகள் காட்டின.

பிரிவதைப் பற்றி: திருப்தி, வேறு வழி உண்டா என்ற எண்ணம், இதுவரை உறவில் போட்ட முதல் ஆகிய மூன்றுமே பிணைப்பைத் தீர்மானிக்கின்றன என்றார் கேரில் ரஸ்புல்ட். நகை, வீட்டுக் கடன், ஊரார் பேச்சு ஆகியவை மகிழ்ச்சி இல்லாதவரையும் நிறுத்திவைக்கும். அடி, மிரட்டல் இருந்தால் இந்தத் தாள் வேலை எதுவும் வேண்டாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள். அப்படி ஏதும் இல்லையெனில், பொறுப்பு கைமாறி ஒரு மாதம் கழித்தும் நிலைமை மாறாதபோது இருவருமாகக் குடும்ப ஆலோசகரைப் பாருங்கள். பிரிவு பற்றிய முடிவை அதுவரை தள்ளிவையுங்கள்.