திரையில் கண்டதும் சட்டத்தில் உள்ளதும்: கர்ப்பம், கருக்கலைப்பு, கு.க. (குடும்பக் கட்டுப்பாடு அறுவை) பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்காவில் கருக்கலைப்புக்குத் தடை என்று செய்தியில் பார்த்தேன். இங்கேயும் குற்றமா? எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

பதில்: இல்லை. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது கருக்கலைப்பை உரிமையாக்கிய அந்நாட்டின் 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பை. இந்தியாவில் கருக்கலைப்பை அனுமதிக்க 1971 முதலே தனிச் சட்டம் உண்டு. குழப்பத்துக்கு நம் ஊர்ச் செய்திகளும் காரணம்: 'ஸ்கேன் சென்டருக்கு சீல்' என்று வருவது பெரும்பாலும் கருவின் பாலினத்தைச் சொன்னதற்காக. அது 1994-ஆம் ஆண்டின் வேறொரு சட்டம்.

கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவர் ஒப்புக்கொண்டால் போதும். 20 முதல் 24 வாரம் வரை, குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும், இரு மருத்துவர்கள் ஒப்ப வேண்டும். கல்யாணமாகாதவர்களையும் அந்தப் பிரிவில் சேர்த்தது நம் உச்ச நீதிமன்றத்தின் 2022 செப்டம்பர் தீர்ப்பு. கருத்தடை பலிக்காமல் உண்டான கர்ப்பமும் ஏற்கத்தக்க காரணமே. 18 வயது நிறைந்திருந்தால் உங்கள் சம்மதம் மட்டும் போதும். பெற்றோர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. மருத்துவர் உங்கள் பெயரை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை.

கேள்வி: சினிமாவில் நாடி பிடித்தே கர்ப்பம் என்கிறார்களே?

பதில்: நாடியில் தெரியாது. நாள் தள்ளிப்போனபின், காலை முதல் சிறுநீரில் கார்டு டெஸ்ட் செய்யுங்கள். ஒரு கோடு மட்டும் (கர்ப்பம் இல்லை என்ற முடிவு) வந்து, மாதவிடாயும் வரவில்லையென்றால் ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். வாரக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளில் தொடங்குகிறது, உறவு கொண்ட நாளில் அல்ல. பலர் இங்கேதான் இரண்டு வாரம் குறைத்து எண்ணிவிடுகிறார்கள். 20 வார வரம்பு நெருங்கும்போது அந்த இரண்டு வாரம் பெரிய இழப்பு.

கேள்வி: கு.க. செய்தால் ஆண்மை போய்விடும் என்று கணவர் பயப்படுகிறார்.

பதில்: விந்தணு வரும் குழாயை மட்டுமே அடைக்கிறார்கள். ஆண் ஹார்மோன் ரத்தத்தில் கலப்பதால் அதற்குப் பாதிப்பில்லை; விந்தும் வெளிவரும். தவறு நேர்வது பிறகுதான்: மூன்று மாதம் ஆணுறை போட்டு, விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று உறுதியான பின்பே அதை நிறுத்த வேண்டும். பயத்துக்கு அரசியல் வேரும் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களைக் கட்டாயப்படுத்தி அறுவை செய்தார்கள். பத்திரிகைத் தணிக்கையால் உண்மை அச்சேறவில்லை. வதந்தி ஊர் ஊராகப் போனது. 1977 தேர்தலில் காங்கிரஸ் தோற்ற பிறகு அரசுகள் ஆண்களை விட்டுப் பெண்கள் பக்கம் திரும்பின. அந்தச் சுமையைப் பெண்கள் இன்றும் சுமக்கிறார்கள். கணவரையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி: பிள்ளை குறைந்தால் எம்.பி. தொகுதியும் குறையுமா?

பதில்: மாநிலங்களுக்கான எம்.பி. எண்ணிக்கை மக்கள்தொகையைப் பொறுத்தது; அது 1971 கணக்கெடுப்போடு 1976-இல் உறைய வைக்கப்பட்டதே இந்த அச்சத்தால்தான். அது நாடாளுமன்றம் தீர்க்க வேண்டிய விவகாரம். இன்று பிறக்கும் குழந்தை ஓட்டுப் போட 18 ஆண்டு ஆகும், வளர்க்கப்போவது நீங்கள்.