வாசகர் கேள்வி: இலிசாவுக்காக ஃபராக்காவை உடைக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் சால்மன் மீனுக்காகக் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை இடித்துவிட்டார்கள். கங்கையில் இலிசா (நம்மூர் உள்ளம் மீன்) மேலே ஏற முடியாமல் மறிக்கும் ஃபராக்கா தடுப்பணையையும் இடித்தால் என்ன?
- ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: இடித்தால் மீனுக்கு நல்லதுதான், முன்பு அலகாபாத் தாண்டியும் போன மீன் அது. ஆனாலும் நான் இடிக்கச் சொல்ல மாட்டேன். கிளாமத்தில் அந்த நான்கு அணைகளும் பாசனத்துக்கோ குடிநீருக்கோ இல்லை, கொஞ்சம் மின்சாரம்தான். உரிமத்தைப் புதுப்பிக்க மீன் ஏறும் வழி கட்டியாக வேண்டும் என்றானதும், அதற்கு ஆகும் செலவைவிட இடிப்பதே மலிவு என்று அணைகளை வைத்திருந்த மின்சாரக் கம்பெனியே கணக்குப் போட்டது. யூரோக், கரூக் பழங்குடியினர் பல வருடம் விடாமல் போராடியதும் சேர்ந்துதான் அது நடந்தது. அப்படியும் தேங்கியிருந்த சேறு இறங்கி ஆறு பழுப்பாக ஓடியது, ஏரிக்கரையில் வீடு வாங்கியவர்களுக்கு ஏரியே இல்லாமல் போயிற்று. இருந்தும் 2024-இல் இடித்து முடித்த சில வாரங்களிலேயே சால்மன் ஆற்றின் மேல்பகுதியான ஆரிகன் மாநிலம் வரை ஏறிவிட்டது, அதனால் அங்கே செய்தது சரி.

ஃபராக்கா வேறு மாதிரி. கொல்கத்தா துறைமுகத்து வண்டலைத் தள்ள, கங்கையின் கிளையான ஹூக்ளி ஆற்றுக்குத் தண்ணீர் திருப்பவே 1975-இல் அது வந்தது, மேலே ரயிலும் லாரியும் ஓடுகின்றன, வங்கதேசத்தோடு 1996-இல் போட்ட கங்கை நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தத்துக்குத் தண்ணீரை அளப்பதும் அங்கேதான்.

சரி, சால்மன் படிப்படியாகத் துள்ளி அணையைத் தாண்ட அதற்குக் கட்டுகிற மீன் ஏணி? இலிசா துள்ளி ஏறுகிற மீன் இல்லை. பிடித்து மேலே கொண்டுபோய் விடுவதும் கஷ்டம், கைபட்டால் செதில் உதிர்ந்து எளிதில் செத்துப்போகக்கூடிய மீன் அது. அதனால் நான் கேட்பது கதவுகளைத்தான். ஒப்பந்தத்தின் பங்குக் கணக்கு ஜனவரி முதல் மே வரைதான், இலிசா பெருங்கூட்டமாக ஏறுவதோ ஜூலை முதல் அக்டோபர் வரை, ஆற்றில் தண்ணீர் புரளும் காலம். அப்போது சில கதவுகளையாவது முழுசாகத் தூக்கி வைக்கலாம், அரைகுறையாகத் தூக்கினால் அடியில் பீய்ச்சும் வேகத்தை எதிர்த்து மீனால் ஏற முடியாது. இதனால் அணை நீர்மட்டம் இறங்கி ஹூக்ளிக் கால்வாய்க்குச் சில நாள் தண்ணீர் குறையலாம். அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

அணைக்குக் கீழே திரண்டு நிற்கும் மீனை வலைபோட்டு அள்ளுவதையும் அந்தச் சமயம் நிறுத்தியாக வேண்டும், அதற்கு மீனவர் வீட்டு அடுப்பு எரிய வழி செய்யாமல் தடை மட்டும் போடுவது அநியாயம். வங்கதேசத்தில் தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அரிசி கொடுக்கிறார்கள், இங்கேயும் அதைச் செய்யலாம்.

கேள்வி: காவிரியில் உள்ளம் ஏறியது உண்மையா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உண்மை. கொள்ளிடத்தில் அணைக்கரை வரை வந்திருக்கிறது. 1934-இல் மேட்டூர் அணை வந்து வெள்ளம் அடங்கியதும் மீனும் குறைந்துபோயிற்று. அங்கே ஏணி, கதவு பற்றியெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் முகத்துவாரத்துக்குப் போதுமான தண்ணீர் போய்ச் சேர வேண்டும்.