நடத்தை காரணம் காட்டி ராணுவத்திலிருந்து அனுப்பிவிட்டார்களா? அமெரிக்கத் தமிழர்களின் கேள்விகளுக்குப் பதில்

என் மகன் அமெரிக்க ஆர்மியில் இருந்தான். ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பியதும் குடி, சொல்லாமல் வேலைக்கு வராமல் இருந்தது என்று 2016-இல் 'அதர் தேன் ஹானரபிள்' (கௌரவமற்ற விதத்தில் வெளியேற்றம்) போட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது டாக்டர் பி.டி.எஸ்.டி. (போர் போன்ற அதிர்ச்சியால் வரும் மனநோய்) என்கிறார். அந்த முத்திரையை மாற்ற வழி இருக்கிறதா அம்மா?

இருக்கிறது. டிஸ்சார்ஜ் ரிவ்யூ போர்டுக்கு (ராணுவத்திலிருந்து அனுப்பிய விதத்தை மறுபடி பார்க்கும் குழு) 15 வருஷத்துக்குள், அதாவது உங்கள் மகன் விஷயத்தில் 2031-க்குள், டிடி 293 படிவத்தில் மனுச் செய்யலாம். மனக்காயம் சம்பந்தப்பட்ட மனுக்களைத் தாராள மனதோடு பார்க்க வேண்டும் என்று 2014-இல் பாதுகாப்புச் செயலர் ஹேகல் உத்தரவிட்டார். 2017-இல் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்த குர்டா சுற்றறிக்கை அதை நான்கு கேள்விகளாக்கியது. பாதிப்பு இருந்ததா? பணிக்காலத்தில் இருந்ததா? செய்த தவறை அது விளக்குகிறதா? தவறைவிட அதன் கனம் அதிகமா?

பலர் சறுக்குவது மூன்றாவதில்தான். டாக்டர் சான்றிதழை வைத்துவிட்டு, 'அதனால்தான் இப்படி' என்று காட்டாமல் விட்டுவிடுகிறார்கள். தூக்கமில்லாத இரவுகளுக்கும் வேலைக்குப் போகாத காலைகளுக்கும் உள்ள தொடர்பை எழுதுங்கள். போருக்கு முன் வாங்கிய பாராட்டுகள், பின்பு சரிந்த மதிப்பீடுகள் இரண்டையும் அருகருகே வையுங்கள். நீங்களும் ஒரு கடிதம் எழுதுங்கள். வாரா வாரம் போன் செய்த பிள்ளை திரும்பி வந்தபின் பேசுவதையே நிறுத்தியிருந்தால், அதுவும் சாட்சிதான். திட்டம் போட்டுச் செய்த குற்றத்துக்கு மட்டும் இந்த விளக்கம் பெரும்பாலும் எடுபடாது.

இன்னொன்று: போர்டு முடிவுக்காக சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். போர்முனைக்குப் போனவர்களுக்கு இந்த டிஸ்சார்ஜ் இருந்தாலும் வி.ஏ.வில் (முன்னாள் படைவீரர் நலத்துறை) மனநல சிகிச்சை பெறச் சட்டத்தில் இடமுண்டு. இன்றே கேளுங்கள்.

15 வருஷம் தாண்டிவிட்டது. கதவு மூடிவிட்டதா?

இல்லை. ரெக்கார்டு திருத்தும் போர்டு என்று தனியாக உண்டு. ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. படிவம் டிடி 149. தவறு தெரியவந்து 3 வருஷத்துக்குள் கேட்க வேண்டும் என்பது விதி. ஆனால் நியாயம் கருதி அந்தக் கெடுவைத் தளர்த்த போர்டுக்கு அதிகாரம் உண்டு. ஏன் தாமதம் என்று நேராக எழுதுங்கள். ஜெனரல் கோர்ட் மார்ஷல் (பெரிய குற்றங்களை விசாரிக்கும் ராணுவ நீதிமன்றம்) தண்டனையாக வந்த டிஸ்சார்ஜ் என்றால் டிஸ்சார்ஜ் ரிவ்யூ போர்டு தொடாது, இங்கேதான் வர வேண்டும். அப்போதும் தீர்ப்பை ரத்து செய்ய மாட்டார்கள். கருணை அடிப்படையில் டிஸ்சார்ஜின் தரத்தை உயர்த்தலாம்.

ஆறு மாதத்தில் தானாகவே 'ஹானரபிள்' ஆகிவிடும் என்று நண்பர் சொன்னார்.

சுத்தப் பொய். மனுப் போடாமல் எதுவும் மாறாது.

ராணுவச் சேவை வழியாகக் குடியுரிமை வாங்கினேன். டிஸ்சார்ஜ் அதைப் பாதிக்குமா?

பாதிக்கலாம். வெளிநாட்டவரை அமெரிக்க ராணுவத்தில் சேர்த்த மாவ்னி திட்டத்தில் சேர்ந்த நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மொத்தம் 5 வருஷம் கௌரவமாகப் பணியாற்றும் முன் 'அதர் தேன் ஹானரபிள்' முறையில் வெளியேறினால், அந்தக் குடியுரிமையைப் பறிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. போர்டுக்கு எழுதும் முன்பே குடியேற்ற வக்கீலைப் பாருங்கள்.

எதில் தொடங்குவது?

ராணுவத்திலிருந்து வெளியேறும்போது தரும் சான்றான டிடி 214-இல். 24-ஆம் கட்டத்தில் டிஸ்சார்ஜின் தரம், 28-இல் காரணம் இருக்கும். அப்புறம் செயின்ட் லூயிஸில் உள்ள ஆவணக் காப்பகத்திலிருந்து முழு பர்சனல் ஃபைலையும் மருத்துவ ரெக்கார்டுகளையும் வரவழையுங்கள். அதிகாரிகள் சரியாகத்தான் செய்திருப்பார்கள் என்ற அனுமானத்தோடுதான் போர்டு உட்காரும். அதை உடைக்க வேண்டியது நீங்கள். ஃபைலைப் படிக்காமல் அவசரமாக மனு அனுப்பாதீர்கள். வக்கீல் கட்டாயமில்லை, முன்னாள் படைவீரர் சங்கங்கள் இலவசமாக உதவுகின்றன.

திருத்தும் போர்டு நிராகரித்துவிட்டது. இனி?

முன்பு காட்டாத புது ஆதாரம் கிடைத்தால் மறுபரிசீலனை கேட்கலாம், அதற்குக் காலக்கெடு இல்லை. பழைய மனுவையே திரும்ப அனுப்பினால் பயனில்லை. முடிவே சட்டப்படி தவறு என்று நினைத்தால் ஃபெடரல் நீதிமன்றம் போகலாம். அதற்கு மட்டும் வக்கீல் இல்லாமல் இறங்காதீர்கள்.