அலமாரிக்கு முன்னால் ஒரு நோட்டு

அன்புள்ள ஐயா,

காரைக்குடி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. பள்ளிக்கூட வேலையில் ஓய்வு பெற்ற பிறகு ஊரின் பழம்பொருட்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். தானியம் அளக்கும் மரக்கால், படி, பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர்களின் கணக்கு நோட்டுகள், ஓலைக்கட்டு, கல்யாணப் போட்டோக்கள் என்று இருநூறுக்கு மேல் வந்துவிட்டன. பாட்டனார் வீட்டு முகப்பில் சின்னதாக ஓர் அருங்காட்சியகம் வைக்க ஆசை. கண்ணாடி அலமாரிக்கு விலை விசாரித்து வருகிறேன். பித்தளையை எல்லாம் பாலிஷ் போட்டுவிடலாமா?

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

பாலிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். பல வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுப் பித்தளைச் சட்டி ஒன்றை மெஷின் பாலிஷுக்குக் கொடுத்தேன். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் கொத்தி எழுதிய மூன்று எழுத்துகள் அதில் இருந்தன, யாருடைய சீர் என்று சொல்லும் இனிஷியல். பளபளவென்று திரும்பி வந்தது, எழுத்தைக் காணோம். இன்று அது எந்தக் கடையிலும் கிடைக்கிற சட்டி. உங்கள் மரக்காலின் உள்பக்கத்தையும் அடியையும் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், முத்திரையோ பெயரோ இருந்தால் அப்போதுதான் தெரியும். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும்.

அலமாரியும் இருக்கட்டும். முதலில் தைத்துக் கட்டிய, பக்க எண் போட்ட ஒரு நீள நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். வருடம், அந்த வருடம் எத்தனையாவதாகக் கொடுத்தவர், அவர் கொடுத்ததில் எத்தனையாவது பொருள். 2025-4-2 என்று பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். காகிதத்தில் அந்த எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள், மற்றதில் பருத்தி நூலில் அட்டை கட்டித் தொங்கவிடுங்கள். பிறகு யார் கொடுத்தது, எந்த வீட்டில் எந்த அறையில் இருந்தது, யார் எதற்குப் புழங்கினார்கள் என்பதையெல்லாம் கேட்டு எழுத வேண்டும், இதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள், பொருள் காத்திருக்கும், சொல்கிற மனுஷர் இருக்க வேண்டுமே. பர்மாக் கணக்கு நோட்டில் மேலாள், அடுத்தாள், பெட்டியடி என்றெல்லாம் அந்தக் காலக் கடை வழக்குச் சொற்கள் வரும். அந்தச் சொற்களைப் பேச்சில் கேட்டு வளர்ந்தவர்கள் உங்கள் ஊரில் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள். நோட்டை அவர்கள் மடியில் வைத்து, போனில் குரலைப் பதிவு செய்யுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். தூக்குச்சட்டியும் தூணும் கண்ணாடிப் படமும் குவிந்து கிடக்கின்றன, எது எந்த ஊர், எந்த வீடு என்பது போய்விட்டது. நீங்கள் காப்பாற்றப் போவது அதைத்தான்.

கொடுப்பவர்களிடம் தானமா, இரவலா என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இன்று அண்ணன் கொடுப்பார், பத்து வருடம் கழித்துத் தம்பி மகன் வந்து கேட்பார்.

காகிதத்துக்கு லேமினேஷன் கூடாது, செல்லோடேப் கூடாது, போட்டோவைப் பசைப் பக்க ஆல்பத்தில் ஒட்டவும் கூடாது. ஒட்டினால் பிரிக்க முடியாது. ஐப்பசி மழையில் வெளிச்சுவர் ஈரம் இழுக்கும், அதனால் பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, காலுக்குக் கட்டை கொடுத்து வையுங்கள். கரையான், காகிதத்தை அரிக்கும் இராமபாணப்பூச்சி வருகிறதா என்று வாரம் ஒருமுறை பின்பக்கமும் பாருங்கள். ஓலைக்கு, எழுத்து தெரிய மை பூசும் மைக்காப்பு, எலுமிச்சைப்புல் எண்ணெய் என்று முறை இருக்கிறது, ஆனால் நேரில் பழகாமல் தொட வேண்டாம். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு எல்லாம் பொடித்துத் துணியில் முடிந்து சுவடிக்குப் பக்கத்தில் வைப்பார்கள், அதை இப்போதே செய்யலாம். பித்தளையிலோ வெண்கலத்திலோ வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அந்தப் பொருளைத் தனியாக எடுத்துவைத்து சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கேளுங்கள், அங்கே 1930 முதல் இதற்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது.

நூறு வருடம் தாண்டிய சிலையோ ஓவியமோ வந்தால் 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். மண்ணில் தோண்டி எடுத்ததை யார் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள், தாசில்தாரிடம் போகச் சொல்லுங்கள்.

உங்களுக்குப் பிறகு யார் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா 1992இல் காலமானபோது அவர் சேர்த்திருந்த நூல்களும் இதழ்களும் ஏறத்தாழ ஒரு லட்சம். சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியதால் சென்னையில் நூலகமாக நிற்கின்றன. எல்லாச் சேகரிப்புக்கும் அப்படி ஓர் ஆள் வருவதில்லை.

நோட்டில் முதல் இருபது பதிவு முடிந்ததும் படம் எடுத்து அனுப்புங்கள். மரக்காலின் அடியில் என்ன இருந்தது என்பதையும் எழுதுங்கள்.